ஒரு பிள்ளை தில்லியில், ஒரு பிள்ளை ஊரில்: ஏ.வி.எம். குழந்தைப் படங்களின் கதை

கோல் மார்க்கெட்டைச் சுற்றியிருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களில் வாழ்நாளில் பாதியைக் கழித்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. பல வீடுகளில் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் வளரவில்லை. ஒன்று தில்லியில் அப்பா அம்மாவிடம் இருக்கும்; இன்னொன்று கும்பகோணத்திலோ பாலக்காட்டிலோ தாத்தா பாட்டியிடம் இருக்கும். குமாஸ்தாவுக்குக் கிடைத்த டி.ஐ.இஸட். ஏரியா வீட்டில் ராத்திரி பாயை விரித்தால் நடக்க இடமிராது. சம்பளமோ இருபதாம் தேதிக்கு மேல் தாங்காது. மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரத்திலேயே இருந்தாலும், ஒரு பிள்ளையாவது ஊர்ப் பழக்கத்தோடு வளரட்டும் என்று நினைத்தவர்களும் உண்டு.

கோடை விடுமுறையில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறிப் போனால்தான் அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். முதல் நாலு நாள் இருவருக்கும் வெட்கம். தங்கை பேச்சில் பாதி இந்தி; அண்ணன் பேச்சில் ஊர்ச் சிறுவர்களின் வாடை. வெட்கம் தெளிந்து விளையாட ஆரம்பிக்கும்போது லீவு முடிந்துவிடும்.

இந்த வீடுகளுக்காகவே எழுதியது போல ஒரு கதை 1965-ல் திரைக்கு வந்தது. பெற்றோர் பிரிந்ததால் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து வளர்க்கப்பட்ட இரட்டைக் குழந்தைகள் தற்செயலாகச் சந்திக்கிறார்கள், உண்மையைக் கண்டுபிடிக்கிறார்கள், ஒருத்தி வீட்டுக்கு மற்றவள் போகிறாள். ஏ.வி.எம். தயாரித்த 'குழந்தையும் தெய்வமும்' என்ற அந்தப் படத்தைத் தெரியாத தமிழர் அநேகமாக இருக்க மாட்டார்கள். ஆனால் ஊரில் இருந்த அண்ணன் பார்த்தது 'குழந்தையும் தெய்வமும்'. தில்லியில் இருந்த தங்கை பார்த்தது 'தோ கலியான்'. அதே ஏ.வி.எம்., அதே டைரக்டர்கள் கிருஷ்ணன்–பஞ்சு, அதே கதை. பாஷை மட்டும் இந்தி, வருஷம் 1968. லீவில் சந்தித்த இரண்டு பிள்ளைகளும் ஒரே கதையை ஆளுக்கொரு பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தால் வீட்டுப் பெரியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

குழந்தைப் படம் என்றால் இன்று டிஸ்னி என்கிறோம், கார்ட்டூன் என்கிறோம். அந்த டிஸ்னியிடமிருந்து ஒரு தமிழ் ஸ்டூடியோ என்ன எடுத்துக்கொண்டது, அதை என்னவாக மாற்றியது, தில்லியில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது எந்த உருவில் வந்து சேர்ந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மூனிக்கிலிருந்து கோடம்பாக்கம் வரை

இரட்டைக் குழந்தைகளின் கதை தமிழ்நாட்டில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் பிறந்ததுமல்ல. எரிக் கேஸ்ட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் சிறுவர்களுக்காக எழுதி, இரண்டாம் உலக யுத்தம் முடிந்து நாலு வருடம் கழித்து 1949-ல் புத்தகமாக வந்த கதை அது. நாஜிகள் ஆட்சியில் இவருடைய புத்தகங்கள் பகிரங்கமாகக் கொளுத்தப்பட்டன. எழுதத் தடையும் விதிக்கப்பட்டது. அவர் கதையில் ஒரு சிறுமி மூனிக் நகரில் அம்மாவோடு இருக்கிறாள். மற்றவள் வியன்னாவில் அப்பாவோடு. விடுமுறைக்குப் போன இடத்தில் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஜெர்மனியில் உடனேயே படமாகவும் வந்துவிட்டது.

வால்ட் டிஸ்னி கம்பெனி இதை வாங்கி 1961-ல் 'தி பேரண்ட் டிராப்' என்று எடுத்தது. கார்ட்டூனுக்குப் பேர் போன அந்த ஸ்டூடியோ, மனிதர்கள் நடிக்கும் குடும்பப் படங்களிலும் முழு மூச்சாக இறங்கியிருந்த சமயம் அது. அப்பா கலிபோர்னியாவில், அம்மா பாஸ்டனில். இரண்டு வேஷத்தையும் ஹேலி மில்ஸ் என்ற ஒரே பெண் நடித்தார். ஒருவரையே இரண்டாகக் காட்ட, சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் விழுந்த திரைக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடிக்கும் ஒரு முறையை அவர்கள் கையாண்டார்கள். தனிக் காமிரா, தனிக் கண்ணாடிப் பட்டகம், ஓடும்போதே இரண்டு பிலிம். மூன்று வருடம் கழித்து 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் மனிதர்களையும் கார்ட்டூன் பென்குவின்களையும் சேர்த்து ஆடவிட்டதும் இதே முறையில்தான்.

நம் ஸ்டூடியோக்களில் இரட்டை வேடத்துக்கு வழக்கமாக இருந்த வித்தை வேறு. லென்சின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து நடிகரை ஒரு பக்கம் நிறுத்திப் படம் எடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து, உடை மாற்றி வந்த அதே நடிகரை மறு பக்கம் நிறுத்தி எடுப்பார்கள். காமிரா ஒரு நூல் அசைந்தாலும் நடுவில் கோடு தெரிந்துவிடும். பெரியவர்களுக்கே சிரமமான இந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது பள்ளிக்கூட வயதுப் பெண் குட்டி பத்மினி. எதிரில் யாரும் இல்லாமலேயே எதிரில் இருப்பவளைப் பார்த்துப் பேச வேண்டும், அவள் பதில் சொல்லும் நேரத்தை மனதுக்குள் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும்.

கதையில் ஏ.வி.எம். செய்த மாற்றம்தான் கவனிக்க வேண்டியது. டிஸ்னி படத்தில் கணவனும் மனைவியும் தங்களுக்குள் சண்டை போட்டுப் பிரிகிறார்கள். அப்பாவின் பணத்துக்காக அவரை மணக்கப் பார்க்கும் ஒரு பெண்ணைப் பிள்ளைகள் விரட்டுகிறார்கள். ஜாவர் சீதாராமன் கதைவசனம் எழுதிய தமிழ்ப் படத்தில் ஜெய்சங்கரும் ஜமுனாவும் தாங்களாகப் பிரியவில்லை. பிரிப்பது பெண்ணின் தாயார். பணமும் அதிகாரமும் படைத்த மாமியார். வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்க மறுக்கும் மருமகன். ஜி. வரலட்சுமி அந்த மாமியாராக வந்து நின்றவுடன் கொட்டகையில் பாதிப் பேருக்கு அது யார் வீட்டுக் கதை என்று புரிந்துவிட்டது.

தலைப்பையும் பாருங்கள். அங்கே 'பெற்றோருக்குப் பொறி'. பிள்ளைகள் வலை விரிக்கிறார்கள், பெரியவர்கள் விழுகிறார்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள். இங்கே குழந்தையும் தெய்வமும். குழந்தை குறும்பு செய்தால் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் தெய்வமும் நிற்க வேண்டும். இந்த மாற்றத்தில் கொஞ்சம் நஷ்டம் உண்டு என்றே சொல்ல வேண்டும். ஹேலி மில்சின் குறும்பில் இருந்த சுதந்திரம் நம் படத்தில் பெரியவர்களின் கண்ணீரில் நனைந்துவிடுகிறது. அதையும் மீறிப் படம் நின்றதற்கு நாகேஷும், குட்டி பத்மினியின் துறுதுறுப்பும் காரணம். அந்த வருடத்தின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் இதற்கே கிடைத்தது. அடுத்த வருடமே தெலுங்கில் 'லேத மனசுலு' வந்தபோது அதிலும் குட்டி பத்மினியே நடித்தார்.

சென்னையில் சமைத்து வடக்கே பரிமாறியது

ஒரே கதையை இரண்டு மூன்று மொழிகளில் எடுப்பது ஏ.வி. மெய்யப்பச் செட்டியாருக்குப் பழைய வழக்கம். காரைக்குடியில் கிராமபோன் ரிக்கார்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர் அவர். மொழி மாறினால் சரக்கு செல்லாது என்று நினைப்பவர்களின் நடுவே, சத்தத்தை மட்டும் மாற்றினால் போதுமே என்று முதலில் யோசித்தவர். 1943-ல் எடுத்த கன்னட 'ஹரிச்சந்திரா'வை அடுத்த வருடம் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார். ஒரு மொழிப் படம் இன்னொரு இந்திய மொழியில் டப்பிங் ஆனதற்கு அதையே முதல் உதாரணமாகச் சொல்வார்கள். தில்லிப் பிள்ளைகள் இன்று இங்கிலீஷ் கார்ட்டூனை இந்தியில் கேட்கிறார்களே, அந்த வழக்கத்துக்கு நம் நாட்டில் பிள்ளையார் சுழி போட்டது காரைக்குடிச் செட்டியார்.

டப்பிங்கோடு நிற்கவில்லை. 1949-ல் 'வாழ்க்கை', அதே கதை தெலுங்கில் 'ஜீவிதம்', 1951-ல் இந்தியில் 'பஹார்'. மூன்றிலும் வைஜயந்திமாலா. இந்தி வசனத்தைத் தன் சொந்தக் குரலில் பேச வேண்டும் என்று அந்த இளம் பெண் முறையாக இந்தி படித்தார். பிறகு நடந்தது ஊரறிந்தது. சென்னைப் பெண் பம்பாயின் முதல் வரிசை நட்சத்திரமானார்; 1984 தேர்தலில் தென் சென்னையின் எம்.பி.யாகத் தில்லிக்கும் வந்தார்.

குழந்தைகளை மையமாக வைத்து ஏ.வி.எம். இந்தியில் எடுத்த படங்களில் 'ஹம் பஞ்சி ஏக் டால் கே' முக்கியமானது. 'நாம் ஒரே கிளைப் பறவைகள்' என்று அர்த்தம். 1957-ல் வந்தது, பி.எல். சந்தோஷி டைரக்ஷன். வசதியான வீட்டுப் பையன் ஒருவன் ஏழைச் சிறுவர்களோடு கூட்டுச் சேரும் கதை. சிறந்த குழந்தைப் படத்துக்கான பிரதமரின் தங்கப் பதக்கம் இதற்குக் கிடைத்தது. அதில் நடித்த சிறுவர்களில் ஜக்தீப் என்பவரும் ஒருவர். 'ஷோலே' படத்தில் சூர்மா போபாலியாக வந்து இந்தி ஜில்லாக்களையே சிரிக்க வைத்தாரே, அவர்தான். பிள்ளைப் பிராயத்து ஜக்தீப்புக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு மதராஸ் ஸ்டூடியோ என்பது கூட வேலை பார்க்கும் வடக்கத்தி நண்பர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1960-ல் வந்த 'களத்தூர் கண்ணம்மா'வைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பெற்றவர்கள் இருந்தும் அநாதையாக வளரும் பையன் செல்வமாகக் கமலஹாசன் அறிமுகமானது உலகறிந்த சமாசாரம். அதுவே 1962-ல் இந்தியில் 'மைன் சுப் ரஹூங்கி'. ஜெமினி கணேசன், சாவித்திரி இடத்தில் சுனில் தத், மீனா குமாரி. டைரக்டர் பீம்சிங் மாறவில்லை. படம் வடக்கே நன்றாகப் போயிற்று. ஆனால் தமிழில் அந்தப் பையன்தான் படம். இந்தியில் மீனா குமாரிதான் படம். கமல் விட்ட இடத்தை அங்கே யாராலும் நிரப்ப முடியவில்லை.

குரலிலும் இதே வித்தியாசம் உண்டு. கமல் வாயசைத்துக் கும்பிட்டுப் பாடிய பாட்டும், ஐந்து வருடம் கழித்துக் குட்டி பத்மினி வாயசைத்த கோழிப் பாட்டும் ஒருவர் பாடியவையே: எம்.எஸ். ராஜேஸ்வரி. ஏ.வி.எம். 'நாம் இருவர்' எடுத்த 1947-லிருந்து அவர்கள் படங்களில் பாடியவர். வயது ஏறினாலும் குரலுக்கு மட்டும் வயது ஏறாத அதிசயம். 2018-ல் அவர் காலமானபோது, தமிழ்நாட்டில் இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் வாய்க்குக் குரல் கொடுத்தவர் போய்விட்டார் என்று எழுதினார்கள். 'தோ கலியான்' படத்தில் குழந்தைக்குப் பாடியது லதா மங்கேஷ்கர். லதாவின் குரலைக் குறை சொல்ல யாருக்கும் துணிவு வராது. ஆனாலும் அங்கே குழந்தை பாடவில்லை. குழந்தைக்காக லதா பாடுகிறார். காதால் கேட்டவர்களுக்கு இந்த வேறுபாடு விளங்கும்.

'தோ கலியான்' நாயகன் விஸ்வஜித், நாயகி மாலா சின்ஹா. இரட்டைக் குழந்தைகளாக நடித்தவர் பேபி சோனியா என்று டைட்டிலில் வரும். அந்தப் பெண்தான் பிற்காலத்து நீது சிங். நாகேஷ் இடத்தில் மெஹ்மூத். இங்கே ஒரு சின்ன விஷயம். 1968-ல் ஒரு பக்கம் மதராஸ் கம்பெனிப் படத்தில் மெஹ்மூத் நடித்துக்கொண்டிருந்தார். அதே வருடம் 'படோசன்' படத்தில் குடுமியும் திருநீறுமாக மதராஸிப் பாட்டு வாத்தியார் வேஷம் கட்டி நம்மைக் கிண்டல் செய்தார். தில்லிப் பள்ளிக்கூடங்களில் தமிழ்ப் பையன்களை மற்றப் பிள்ளைகள் கூப்பிட்ட விதத்தில் அந்த வேஷத்துக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. பக்கத்துக் கொட்டகையில் ஓடும் 'தோ கலியான்' உங்கள் ஊர்க் கதை என்று அந்தப் பையன்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் அவர்களும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார்கள்.

பெரும்பாலும் யாரும் சொல்லவில்லை. அதுதான் இந்த விவகாரத்தின் மர்மம். தமிழ்ப் படம் தில்லியில் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்குக் காத்திருக்க வேண்டும்; டிக்கெட்டுக்கு ஆள் பிடிக்க வேண்டும். இந்திப் படம் பார்க்கக் கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்தே ரீகலுக்கும் ரிவோலிக்கும் ஒடியனுக்கும் போய்விடலாம். பிள்ளைகள் இந்திப் படத்தைப் பார்த்தார்கள்; அது மதராஸில் தயாரானது என்பதே தெரியாமல் வளர்ந்தார்கள். 1932-ல் திறந்த ரீகலும் 2017 மார்ச் 30-ஆம் தேதி கடைசிக் காட்சியோடு மூடிவிட்டது.

'ராமு'வும் மின்சாரமும்

எப்போதும் தெற்கிலிருந்தே வடக்கே போயிற்று என்று எண்ண வேண்டாம். 1966-ல் ஏ.வி.எம். எடுத்த 'ராமு' வடக்கிலிருந்து வந்தது. கிஷோர் குமார் தாமே எடுத்து நடித்த 'தூர் ககன் கி சாவோன் மே' என்ற படத்தின் தமிழ் உருவம். ராணுவத்திலிருந்து ஊர் திரும்பும் சிப்பாய். தீ விபத்தில் மனைவி போய்விட்டாள். அதிர்ச்சியில் மகன் ஊமையாகிவிட்டான். ஏ.சி. திருலோகசந்தர் டைரக்ஷனில் ஜெமினி கணேசனும் அந்தச் சிறுவனும் நடித்ததைப் பார்த்து அழாதவர் இல்லை. இதற்கும் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது. அடுத்தடுத்து இரண்டு வருடம், ஒரே ஸ்டூடியோ, இரண்டும் குழந்தையை நடுவில் வைத்த படங்கள்.

இருபது வருடம் கழித்து, 1986-ல், குழந்தையை விட்டுவிட்டு வீட்டையே நடுவில் வைத்து விசு எடுத்த 'சம்சாரம் அது மின்சாரம்' வந்தது. நல்ல பொழுதுபோக்குக்கான தங்கத் தாமரை அதற்குக் கிடைத்தது. அம்மையப்ப முதலியார் ஒரு குமாஸ்தா. சம்பாதிக்கும் மகனோடு மனஸ்தாபம். வீட்டுக்கு நடுவே கோடு போடுகிறார்கள். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ்காரர்கள் இந்தக் கோட்டைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். கோடு போட அங்கே நீளமான வீடு இருந்ததே! மறு வருடமே ரேகா நடித்து இந்தியில் 'சன்சார்' என்று வந்தது. மருமகள் லட்சுமி கடைசியில் எடுக்கும் முடிவைப் பற்றி அந்த நாளில் கூட்டுக் குடும்பங்களில் நடந்த வாக்குவாதம் கொஞ்சமல்ல.

ரஜினியோடு ஆடிய யானை

இப்போது கார்ட்டூனுக்கு வருவோம். பொம்மைப் படம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் இந்தச் சரக்கைத் தமிழ் ஸ்டூடியோக்கள் ஏன் தொடவில்லை என்று கேட்பவர்கள் முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்துச் சிக்கனம் செய்தாலும் வினாடிக்கு 12 சித்திரம் வேண்டும். ஐந்து நிமிஷப் பாட்டு என்றால் 7,200 பிரேம்; ஒரு யானை மட்டும் ஆடினால் 3,600 சித்திரம். பக்கத்தில் ஒரு குரங்கு குதித்தால் அதற்கு இன்னொரு 3,600. டிஸ்னியின் முதல் முழு நீளக் கார்ட்டூனான 1937-ஆம் வருடத்து 'ஸ்னோ ஒயிட்' 83 நிமிஷம் ஓடுவது. ஏறக்குறைய 1,19,500 பிரேம். நூற்றுக்கணக்கான ஓவியர்கள் மாதச் சம்பளத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்து வரைய வேண்டும். நாலு மாதத்தில் படத்தை முடித்துத் தீபாவளிக்குப் பெட்டி அனுப்ப வேண்டிய கோடம்பாக்கத்துக்கு இது கட்டுப்படியாகுமா?

முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்லக் கூடாது. ஜெமினி ஸ்டூடியோ 1947-லேயே 'சினிமா கதம்பம்' என்று ஒரு சிறு கார்ட்டூன் எடுத்தது. 1950-களின் பிற்பாதியில் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவு தொடங்கியபோது, டிஸ்னி ஸ்டூடியோவில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் என்பவர் வந்து நம் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஜாதகக் கதை ஒன்றை வைத்து 'தி பானியன் டியர்' என்ற குறும்படம் அங்கே உருவாயிற்று. அவரிடம் பழகியவர்களில் ராம் மோகன் என்பவர், சென்னையில் ரசாயனம் படித்துவிட்டு ஓவியத்துக்குப் போனவர், இந்தியக் கார்ட்டூனுக்கே தந்தை என்று பெயரெடுத்தார். ஜப்பானியர் யூகோ சாகோவோடு அவர் சேர்ந்து செய்த ராமாயணக் கார்ட்டூன் 1990-களின் தொடக்கத்தில் தயாரானது. 2025 ஜனவரியில்தான் தமிழ் உள்பட நம் மொழிகளில் பெரிய அளவில் தியேட்டர்களுக்கு வந்தது. முப்பது வருடக் காத்திருப்பு!

ஏ.வி.எம்.மின் பங்கு 1989-ல். படம் 'ராஜா சின்ன ரோஜா'. எஸ்.பி. முத்துராமன் டைரக்ஷன், ரஜினிகாந்த் கதாநாயகன். நடிகனாக வேண்டும் என்று பட்டணம் வந்தவன், பணக்கார வீட்டுத் தறிகெட்ட பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவருகிறான். இதில் ஒரு பாட்டு முழுவதும் ரஜினியும் கௌதமியும் சிறுவர்களும் காட்டுக்குள் கார்ட்டூன் மிருகங்களோடு ஆடிப் பாடுகிறார்கள். அமெரிக்காவில் 'ஹூ ப்ரேம்ட் ராஜர் ராபிட்' வந்து மனிதனும் கார்ட்டூனும் கலந்தால் என்ன செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டியது அதற்கு முந்தைய வருடம்தான். அங்கே செலவழித்த பணத்தில் நம் ஊரில் எத்தனையோ படம் எடுத்துவிடலாம். நம் ஆட்கள் ஒரு பாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். புத்திசாலித்தனம்.

இந்த மாதிரிக் காட்சி எப்படி எடுக்கப்படுகிறது? முதலில் நடிகர்களை மட்டும் வைத்துப் படப்பிடிப்பு. யானை வரப்போகும் இடத்தில் ஒன்றுமே இராது. யானையின் கண் இருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்து நடிகர் சிரிக்க வேண்டும். ரஜினி பழக்கப்பட்டவர், சமாளித்துவிடுவார். கூட வந்த சிறுவர்களின் கண்கள் எல்லாம் ஒரே புள்ளியில் நிற்க வேண்டுமே! பிறகு எடுத்த பிலிமைப் பிரேம் பிரேமாகப் பெரிதாக்கி, அதன்மேல் மெல்லிய தாளை வைத்து மிருகத்தை வரைந்து, கண்ணாடித் தாளுக்கு மாற்றி, பின்புறம் வர்ணம் அடித்து, மறுபடியும் பிலிமோடு சேர்க்க வேண்டும். கம்ப்யூட்டர் கைக்கு வராத காலம். இன்று பார்த்தால் மிருகங்களின் அசைவில் கரடுமுரடு தெரியும். நிழல் சரியாக விழவில்லை. ஆனாலும் அன்றைக்குத் தியேட்டரில் இருந்த பிள்ளைகள் அதையெல்லாம் பார்க்கவில்லை. மிக்கியும் டொனால்டும் பேசாத தமிழில் ஒரு கார்ட்டூன் கூட்டம் ஆடுகிறது, நடுவில் ரஜினி. வேறென்ன வேண்டும்?

குறை ஒன்று உண்டு. அந்தப் பாட்டின் கற்பனை படத்தின் மற்றப் பாகத்துக்குப் பரவவில்லை. மிச்ச நேரமெல்லாம் உபதேசம். குழந்தைப் படம் எடுத்தால் குழந்தைகளுக்குப் புத்தி சொல்லியே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் நம் படாதிபதிகளை விட்டுப் போகவே இல்லை. டிஸ்னி படங்களிலும் நீதி உண்டு. ஆனால் அது சிரிப்புக்குப் பின்னால் வரும்.

ராஜா சின்ன ரோஜாவுக்குப் பின் ஏ.வி.எம். அந்தப் பாதையில் மேலே போகவில்லை. தில்லிப் பிள்ளைகளோ வேறு பக்கம் போனார்கள். 1990-களில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை டிஸ்னியின் 'டக் டேல்ஸ்' இந்தி பேசி வந்தது. ஜப்பானியர் செய்த 'ஜங்கிள் புக்' குல்சாரின் பாட்டோடு வந்தது. மௌக்லி என்ற காட்டுப் பையன் தில்லித் தமிழ் வீடுகளில் இந்தி பேசியே வளர்ந்தான். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கரடி என்ன சொல்கிறது என்று பேரனிடம் கேட்பாள். பேரன் தமிழில் சொல்லத் திணறுவான். 1968-ல் லீவுக்குப் போன தங்கைக்காவது அண்ணன் ஒருவன் அதே கதையைத் தமிழில் சொல்ல இருந்தான்.

டிஸ்னியின் தமிழ்

கடைசியாக டிஸ்னியே தமிழ் பேச வந்துவிட்டது. 2019-ல் வந்த 'தி லயன் கிங்' படத்தில் சிம்பாவுக்குத் தமிழில் சித்தார்த், வில்லன் ஸ்காருக்கு அரவிந்த் சாமி, பும்பா என்ற காட்டுப்பன்றிக்கு ரோபோ சங்கர், அதன் தோழனுக்குச் சிங்கம்புலி. இந்தியில் முஃபாசாவாக ஷாருக் கானும் சிம்பாவாக அவர் மகன் ஆர்யனும். திருச்சியில் இருக்கும் மாமா பையனுக்கு அரவிந்த் சாமிதான் ஸ்கார். துவாரகாவில் இருக்கும் அத்தை பையனுக்கு ஷாருக்தான் முஃபாசா. ரோபோ சங்கரின் தமிழில் இருந்த சென்னைக் குசும்பை இந்திக் குரலில் கேட்ட பையன் தவறவிட்டான். அதற்கு ஈடாக அவனுக்கு வேறு வேடிக்கை கிடைத்திருக்கும்.

அதே வருடம் நவம்பரில் 'ஃப்ரோஸன் 2'. பனி ராணி எல்சாவுக்கு இந்தியில் குரல் கொடுத்தவர் பிரியங்கா சோப்ரா. தமிழில் கொடுத்தவர் சுருதி ஹாசன். 1960-ல் ஏ.வி.எம். ஸ்டூடியோவில் முதல் முதலாகக் காமிரா முன் நின்ற சிறுவன் செல்வத்தின் மகள்.

கோல் மார்க்கெட்டின் பழைய கட்டடம் இன்றும் அதே ரவுண்டானாவில் நிற்கிறது. 1921-ல் கட்டியது, 'கோல்' என்று பெயரே தவிர உண்மையில் வட்டமில்லை, பன்னிரண்டு பக்கம். கடைகளைக் காலி செய்து மியூசியமாக்கும் ஏற்பாடு வெகு நாளாக நடந்து வருகிறது. சுற்றியிருந்த குவார்ட்டர்ஸ் குடும்பங்களில் பல துவாரகாவுக்கும் மயூர் விஹாருக்கும் நொய்டாவுக்கும் போய்விட்டன. பேரன் பேத்திகளுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், படிக்க வராது. அந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு சனிக்கிழமை 'தோ கலியான்' போடுங்கள். மறுநாள் 'குழந்தையும் தெய்வமும்' போடுங்கள். முதலில் இந்தி, பிறகு தமிழ், இந்த வரிசையில். கதை தெரிந்துவிட்டதால் பிள்ளைகள் வசனத்துக்குத் தவிக்க மாட்டார்கள். அடுத்தது என்ன என்று அவர்களே சொல்லிக்கொண்டு வருவார்கள். மாமியார் வரும் காட்சியில் பாட்டியின் முகத்தைப் பார்க்க மறக்க வேண்டாம்.